தவறிய நாளுக்கு மறுநாள்: நேரமில்லாத வீட்டில் எந்த ஜெபம் நிலைக்கும்?

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் இரண்டு தாள்கள் ஒட்டியிருக்கும். ஒன்று, புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த வசன அட்டை. இன்னொன்று, என் மனைவியின் டியூட்டி லிஸ்ட். அவள் ஸ்டாஃப் நர்ஸ். காலை, மதியம், நைட் என்று ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருக்கும். நான் கிண்டியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். மாதக் கடைசி என்றால் தாம்பரம் வந்து சேர ஒன்பது மணி ஆகிவிடும். பிள்ளைகள் இரண்டு பேர்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஊரிலிருந்து அம்மா வந்திருந்தாள். ஃப்ரிட்ஜைத் திறக்கப் போனவள் அப்படியே நின்று, "எய்யா, வசனம் டியூட்டி லிஸ்டுக்கு அடியில கெடக்கே" என்றாள். குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. லிஸ்டைக் கழற்றி நகர்த்தி ஒட்டிவிட்டு, தயிரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அம்மாவுக்குத் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கத்தில் ஒரு கிராமம். அவள் சின்ன வயதில் காலையும் மாலையும் கோயில் மணி அடிக்கும். உபதேசியார் ஜெபம் நடத்துவார். வயலுக்குப் போகிறவர்களும் பனையேறப் போகிறவர்களும் இருந்த ஊர்தான், யாருக்கும் வேலை குறைவில்லை. ஆனால் எப்போது ஜெபிப்பது என்று ஒருவரும் திட்டம் போட வேண்டியிருக்கவில்லை. அந்த வேலையை மணி பார்த்துக்கொண்டது. நமக்கு மணி இல்லை. அதனால் ஆளாளுக்கு ஒரு வழி சொல்கிறார்கள். அம்மா ஊருக்குத் திரும்பிய பிறகு அந்த வழிகளை நாங்கள் ஒவ்வொன்றாக நடத்திப் பார்த்தோம்.

எது ஆழமானது என்று தேடவில்லை. ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டோம்: ஒரு நாள் தவறிவிட்டால் மறுநாள் என்ன ஆகிறது? எங்கள் மாதிரி வீட்டில் தவறத்தான் செய்யும். தவறாது என்று நம்பிப் போட்ட திட்டம் எதுவும் நீடிக்கவில்லை.

விடியற்காலை

பிரசங்கத்தில் அதிகம் கேட்பது இதைத்தான். இயேசு "அதிகாலையில், இருட்டோடே எழுந்து" வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்தார் என்ற மாற்கு முதல் அதிகார வசனம் வரும். அப்புறம் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி நாலு மணிக்கு எழுந்தது வரும். அவர் இரவு சீக்கிரமே படுத்துவிடுவார் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

நான் நாலே முக்காலுக்கு அலாரம் வைத்து நான்கு மாதம் எழுந்தேன். அந்த மாதங்களில் ஜெபித்ததுபோல அதற்கப்புறம் எனக்கு வாய்க்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். போன் பேசாது, தெரு பேசாது. ஒரு சங்கீதத்தை மெதுவாக மூன்று தரம் வாசிக்கலாம். தரத்தில் இதற்கு ஈடில்லை.

மார்ச் வந்தது. வருடக் கணக்கு முடிக்கிற மாதம். இரவு பதினொன்றுக்கு வீடு திரும்பிய ஒரு வாரத்தில் முதல் நாள் எழவில்லை. மறுநாள் அலாரம் அடித்தபோது, 'நேற்றுத்தான் போச்சே' என்று கை தானாக அதை அணைத்தது. நாலாவது நாள் அலாரமே வைக்கவில்லை. இந்த வழியில் தவறிய நாள் குற்ற உணர்ச்சியாக மாறுகிறது, அந்தக் குற்ற உணர்ச்சி அடுத்த நாளையும் சேர்த்துத் தின்றுவிடுகிறது. என் மனைவிக்கு இது ஆரம்பத்திலிருந்தே ஆகவில்லை. நைட் டியூட்டி முடித்துக் காலை எட்டரைக்கு வீட்டுக்கு வருகிறவளுக்கு எது அதிகாலை?

அந்த மாற்கு அதிகாரத்தை முன்னும் பின்னும் வாசித்தால் ஒன்று தெரியும். முந்தின சாயங்காலம் பட்டணமே வீட்டுவாசலில் கூடியிருந்தது. விடிந்ததும் சீமோன் தேடிக்கொண்டு வந்து, "உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்" என்கிறான். ஆக, அந்த ஜெபமும் பாதியில் கலைக்கப்பட்டதுதான். இது எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

கணக்குப்போட்டு வாசிப்பது

கணக்குக்காரன் என்பதால் இதில் எனக்கு ஆசை அதிகம். வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். திங்கள் முதல் சனி வரை தினம் மூன்று, ஞாயிறு ஐந்து என்று வாசித்தால் ஒரு வருடத்தில் முடிந்துவிடும். நேர்வரிசையில் போனால் ஆதியாகமமும் யாத்திராகமமும் சேர்ந்து 90 அதிகாரம், ஜனவரி கடைசிக்குள் லேவியராகமம் வந்து நிற்கும். குஷ்டத்தைப் பற்றிய பதின்மூன்றாம் அதிகாரம் 59 வசனம். பிப்ரவரியில் எத்தனை பேர் வாசிப்பை நிறுத்தியிருப்பார்கள் என்று ஒரு கணக்கு எடுத்தால், இந்த அதிகாரத்தைச் சுற்றித்தான் கூட்டமாக இருக்கும் என்பது என் ஊகம்.

இதற்கு மாற்று, ஸ்காட்லாந்தில் டண்டீ நகரத்துப் போதகர் ராபர்ட் மர்ரே மெக்செய்ன் 1842 கடைசியில் தன் சபைக்குப் போட்டுக்கொடுத்த அட்டவணை. தினம் நாலு இடத்திலிருந்து நாலு பகுதி. ஜனவரி முதல் தேதி ஆதியாகமம், மத்தேயு, எஸ்றா, அப்போஸ்தலர் நாலும் ஒன்றாகத் தொடங்கும். புதிய ஏற்பாடும் சங்கீதமும் வருடத்தில் இரண்டு தரம், மற்றவை ஒரு தரம். லேவியராகமம் வரும்போது பக்கத்திலேயே ஒரு சங்கீதமும் வேறு பகுதிகளும் துணைக்கு இருக்கும். இந்த விஷயத்தில் நேர்வரிசையை விட எவ்வளவோ தேவலை.

அவரிடம் எனக்குப் பிடித்தது வேறொன்று. அட்டவணையைக் கொடுக்கும்போது அதன் நன்மைகளுக்கு முன்னால் ஆபத்துகளைத்தான் எழுதினார்: வெறும் சடங்காகிவிடும், முடித்தவனுக்குச் சுயநீதி வரும், அவசர வாசிப்பாகும், சிலருக்குச் சுமக்க முடியாத நுகமாகும். அடுத்த மார்ச்சில் அவர் இறந்துபோனார், வயது 29.

அந்த நாலாவது ஆபத்தில் நான் நேராகப் போய் விழுந்தேன். மூன்று நாள் விட்டால் 12 பகுதி பாக்கி. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பாக்கியை அடைத்தேன். அடைத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும், வாசித்தேன் என்று சொல்ல முடியாது. தவறிய நாள் இங்கே கடனாகிறது. கடன் ஏறினால் ஆள் கடன்காரனைப் பார்க்காமல் ஒதுங்கித்தான் போவான்.

கடனே ஏறாத முறையும் உண்டு. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் மொரேவியன் என்ற புராட்டஸ்டண்ட் சபையார் 1728-ல் ஒரு மாலைக் கூட்டத்தில் மறுநாளுக்கென்று ஒரு வசனத்தைக் கொடுத்து வீடு வீடாகச் சொல்லி அனுப்பினார்கள். 1731-லிருந்து அது வருடாந்தரப் புத்தகமாக வருகிறது, இன்றும் நிற்கவில்லை. பழைய ஏற்பாட்டு வசனத்தைச் சீட்டெடுத்து, அதற்குப் பொருத்தமாகப் புதிய ஏற்பாட்டிலிருந்து ஒன்றைச் சேர்ப்பார்கள். அதே மொரேவியர்கள் 1760-ல் நம் தரங்கம்பாடிக்கும் வந்தவர்கள்தான். நம் வாக்குத்தத்த அட்டை அவர்களிடமிருந்து வந்தது என்று சொல்ல வரவில்லை. ஜாடை ஒன்றுதான், ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு: நம் அட்டையில் "உன்னை ஆசீர்வதிப்பேன்" தவிர வேறு வசனம் வந்து நான் பார்த்ததில்லை. அவர்களுடையது தினம் மாறும், சில நாள் உறைக்கவும் செய்யும். நேற்றைய வசனம் நேற்றோடு போயிற்று, இன்றைக்கு இன்றையது. அவசரக்காரர்களுக்கு இதுதான் நல்ல வாசிப்பு முறை. ரொட்டி முழுதாகக் கிடைக்காமல் துண்டுதான் கிடைக்கிறது என்ற குறை இருக்கட்டும்.

போனில்

சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். தாம்பரத்திலிருந்து கிண்டி போகும் மின்சார ரயிலில் ஹெட்போனில் கேட்டால் மாற்கு சுவிசேஷத்தின் 16 அதிகாரமும் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். கூட்டத்தில் ஒரு கை கம்பியில் இருக்கும், புத்தகம் விரிக்க முடியாது, காது சும்மாதான் இருக்கிறது. கேட்பதற்கு இது அருமை. ஜெபிப்பதற்கு இல்லை. வசனத்துக்கு மேலே ஓடிபி வரும், ஓடிபிக்கு மேலே ஆபீஸ் வாட்ஸப் குரூப் வரும். தொடர்ந்து எத்தனை நாள் வாசித்தோம் என்று சில ஆப்கள் எண்ணிக்கொண்டே வரும். 61-ஆம் நாள் தவறினால் மறுபடியும் ஒன்று. 60 நாள் போன வருத்தம்தான் எனக்கு இருந்தது, வாசிக்காத வருத்தம் இல்லை. அன்றைக்கே அந்த எண்ணிக்கையைப் பார்ப்பதை விட்டேன்.

பாத்திரம் கழுவிக்கொண்டே

பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸில் கார்மேல் சபைத் துறவிகளின் மடத்துச் சமையல்கட்டில் வேலைபார்த்தவர் சகோதரர் லாரன்ஸ். போரில் காயப்பட்டுக் கால் தாங்கி நடந்தவர், பின்னாளில் செருப்புத் தைத்தார். சமையல்கட்டுச் சத்தத்துக்கு நடுவிலும் நற்கருணை முன் முழங்காலில் நிற்பதுபோலக் கடவுளோடு இருக்கிறேன் என்று அவர் சொன்னது உலகம் முழுவதும் பரவியது. நேரம் ஒதுக்கவே வேண்டாம், செய்கிற வேலையிலேயே பேசிக்கொண்டிரு என்பதுதான் முறை. தவறினால்? தவறியது நினைவுக்கு வந்த அந்த நொடியே திரும்பிவிட வேண்டியது. பாக்கி, கணக்கு ஒன்றும் இல்லை. என் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் வேறு எந்த முறையிடமும் கிடையாது.

என் மனைவி இதைத்தான் பிடித்துக்கொண்டாள். வார்டில் ஒவ்வொரு கட்டிலிலும் டிரிப் மாற்றும்போது அந்த ஆளுக்காக ஒரே வரி. "ஆண்டவரே, இவங்களைத் தூங்க வையும்." இருபது கட்டில், இருபது வரி.

எனக்கு இது வரவில்லை. பேலன்ஸ் டேலி ஆகாதபோது எனக்குக் கடவுள் ஞாபகம் வராது, போன மாத வவுச்சர்தான் ஞாபகம் வரும். லாரன்ஸை மேற்கோள் காட்டுகிறவர்கள் இரண்டு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். முதல் பத்து வருடம் மிகவும் கஷ்டப்பட்டேன் என்று அவரே எழுதியிருக்கிறார். இன்னொன்று, அவர் இருந்தது மடம். மணி அடிக்கும், எல்லாரும் கூடுவார்கள். அவர் நினைவு சிதறினாலும் அந்த வீடு சிதறாது. ஃபிளாட்டில் இருக்கும் நமக்கு அந்தச் சுவர் இல்லை. என் மனைவிக்கும்கூட அது தனியாக நிற்கவில்லை என்பது, பிள்ளைகளுக்குப் பரீட்சை என்று இரவுக் குடும்ப ஜெபத்தை ஒரு மாதம் விட்டிருந்தபோதுதான் தெரிந்தது. "வார்டுல வரி வரமாட்டேங்குது" என்று அவளே சொன்னாள்.

இரவு, பாயில்

குடும்ப ஜெபம். கேட்டால் பழசு, நாங்கள் எல்லாம் அதில் தூங்கி விழுந்து வளர்ந்தவர்கள். பாமாலைப் புத்தகத்தில் ஒரு பாட்டு, முதல் சரணமும் கடைசிச் சரணமும் மட்டும். ஒரு சங்கீதம். ஆளுக்கு ஒரு விண்ணப்பம். பரமண்டல ஜெபம். பன்னிரண்டு நிமிடம். மகன் முறை வந்தால் 117-ஆம் சங்கீதம்தான் எடுப்பான். இரண்டே வசனம். "எப்பப் பாத்தாலும் அதையே எடுக்கான்" என்று மகள் அழாக்குறையாகச் சொல்வாள். நான் தடுப்பதில்லை. அவனுக்கு இப்போது அது புத்தகம் பார்க்காமலே தெரியும்.

ஆழம் என்று பார்த்தால் நான் சொன்ன வழிகளில் இதுதான் கடைசி. தியானம் என்று சொல்ல ஒன்றும் இருக்காது. கொட்டாவி இருக்கும், பக்கத்து வீட்டு சீரியல் இருக்கும். ஆனால் ஒரு நாள் தவறினால் மறுநாள் இரவு மகள் பாமாலையை எடுத்து நடுவில் வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். "நேத்து ஏன் இல்ல?" என்று அவள் கேட்டதில்லை. மற்ற வழிகளில் தவறியதை நான் மட்டும் அறிவேன், மறைக்கலாம், மறக்கலாம். இதில் இன்னொரு ஆள் காத்திருக்கிறது.

போன வருடம் ஒரு நாள் எனக்கும் மனைவிக்கும் பண விஷயத்தில் சண்டை. சாப்பாட்டின்போதுகூடப் பேசிக்கொள்ளவில்லை. ஒன்பது மணிக்குப் பாய் விரிந்துவிட்டது. பாடினோம். பரமண்டல ஜெபத்தில் "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்ற இடம் வந்ததும் என் குரல் நின்றுவிட்டது. பிள்ளைகள் இரண்டும் சொல்லிக்கொண்டே போய்விட்டன. அவள் என்னைப் பார்த்தாள், சிரிக்கவில்லை. ஆனால் மறுநாள் காலை காபி என் மேஜைக்கு வந்தது. நாலே முக்கால் மணி ஜெபத்தில் நான் தனியாக அந்த வரியைச் சுலபமாகத் தாண்டிப் போயிருப்பேன்.

மெக்செய்னின் நாலு பகுதிகளில் இரண்டு வீட்டார் கூடி வாசிக்க, இரண்டு தனியாக வாசிக்க என்பது பிறகுதான் கண்ணில் பட்டது. ஜான் வெஸ்லியின் தாய் சூசன்னா இன்னும் ஒரு படி போனார். 19 பிள்ளை பெற்று ஒன்பதைப் பறிகொடுத்தவர். வாரத்தில் ஒவ்வொரு மாலையையும் பிள்ளைகளுக்குப் பிரித்துக்கொடுத்துத் தனியாகப் பேசுவார், ஜானுக்கு வியாழக்கிழமை. வயது முப்பதை நெருங்கி ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தபோதும், அந்த வியாழன் மாலையில் கொஞ்சத்தை எனக்கு இப்போதும் தருவீர்களா என்று அம்மாவுக்குக் கடிதம் எழுதினார் ஜான். நாலு மணிக்கு எழுவதைப் பிரசங்கிக்கிறவர்கள் இதையும் கொஞ்சம் பிரசங்கிக்கலாம்.

தனியாக இருப்பவர்கள் என்ன செய்வது என்பது நியாயமான கேள்வி. என் தம்பி துபாயில் ஒரே அறையில் ஆறு பேரோடு இருக்கிறான். கதவைப் பூட்டி ஜெபிக்க அவனுக்குக் கதவே சொந்தமில்லை. தினம் இரவு அம்மாவுக்குப் போன் போடுவான், பத்து நிமிடம், ஒரு சங்கீதம், ஒரு ஜெபம். அவன் கூப்பிடாவிட்டால் அம்மா தூங்க மாட்டாள். அதனாலேயே கூப்பிடுகிறான். பக்தியா, அம்மா மேல் பயமா என்று நான் பிரித்துப் பார்ப்பதில்லை.

ஞாயிறு ஆராதனையை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. அது இருந்தே ஆக வேண்டும். அவளுக்கு ஞாயிறு டியூட்டி விழுந்தால் காலை ஆறு மணி ஆராதனை, அதுவும் முடியாவிட்டால் மாலை.

ஆக, எங்கள் வீட்டில் இப்போது இருப்பது இதுதான்: இரவுப் பாய் விட்டுக்கொடுக்க முடியாதது. ரயிலில் காதுக்கு ஒரு அதிகாரம், அது உபரி. வார்டு ஜெபம் அவளுடையது. விடியற்காலை எனக்கு ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் மட்டும், நாற்பது நாள் என்று எல்லை தெரிவதால் முடிகிறது.

அடுத்த வாரம் அவளுக்கு நைட். ஒன்பது மணிக்கு வார்டில் இருக்க வேண்டும் என்பதால் பாயை ஏழு மணிக்கு விரிக்கிறோம். நான் ஆபீஸில் சொல்லி ஐந்தே காலுக்குக் கிளம்ப வேண்டும், மாதக் கடைசி வேறு. திங்கட்கிழமை மகன் முறை.