பெரிய படிவம் பாதியில் அறுபட்டால்: வரம்பை உயர்த்துவதா, ஜேசனா, துண்டு துண்டாக அனுப்புவதா?

48 மாணவர்கள், ஆளுக்கு 22 கட்டங்கள், மொத்தம் 1056. ஒரு பள்ளிக்காகச் செய்த மதிப்பெண் படிவம் இது. ஆசிரியை ‘சேமி’ பட்டனை அழுத்தினார். ‘சேமிக்கப்பட்டது’ என்று பச்சை எழுத்தில் வந்தது. மறுநாள் திறந்தால் 46வது மாணவரின் வரிசை பாதியில் நிற்கிறது, கடைசி இருவருக்கு ஒன்றுமே இல்லை. பிரவுசரின் நெட்வொர்க் பகுதியில் பார்த்தபோது 1056 கட்டங்களும் ஒழுங்காகக் கிளம்பியிருந்தன. அப்படியானால் கோளாறு சர்வர் பக்கம்.

சர்வரில் ஓடுவது பிஎச்பி மொழியில் எழுதிய நிரல். ஒரே கோரிக்கையில் எத்தனை கட்டங்களை ஏற்பது என்பதற்கு பிஎச்பியில் மேக்ஸ்_இன்புட்_வார்ஸ் (max_input_vars) என்றொரு வரம்பு உண்டு. மாற்றாமல் விட்டால் 1000. எக்கச்சக்கமான கட்டப் பெயர்களை அனுப்பி சர்வரைத் திணறடிக்கும் தாக்குதலைத் தடுக்க, 2012இல் 5.3.9 பதிப்போடு வந்தது. கணக்கு தாண்டினால் லாகில் (சர்வரின் பதிவுக் கோப்பில்) ஓர் எச்சரிக்கையை எழுதிவிட்டு மீதியைக் கைவிட்டுவிடும். படிவம் நம் தளத்திலிருந்துதான் வந்தது என்று உறுதிசெய்யும் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் (மறைவான ஒரு குறியீடு) படிவத்தின் அடியில் இருந்தால் அதுவும் சேர்ந்து போய், செஷன் கோளாறு என்று நம்மை வேறு பக்கம் தேட வைக்கும். பைதான் மொழியில் வலைத்தளம் கட்ட உதவும் ஜாங்கோவிலும் இதே 1000தான். ஆனால் அது 400 பிழை காட்டி மொத்தக் கோரிக்கையையும் மறுத்துவிடும். எனக்கு அதுவே நேர்மையான வழியாகப் படுகிறது.

வரம்பை 5000 ஆக்குவது சீக்கிரம் முடியும் வேலை. ஆனால் ஸ்கிரிப்டுக்குள் இனி_செட் (ini_set, அமைப்பை மாற்றும் கட்டளை) போட்டுப் பயனில்லை; அந்த வரி ஓடுவதற்கு முன்பே கட்டங்கள் பிரிக்கப்பட்டிருக்கும். யூசர்.இனி (.user.ini) என்ற அமைப்புக் கோப்பில் மாற்றினால் 300 விநாடி வரை பழைய மதிப்பே நிற்கலாம். ‘மாற்றியும் சரியாகவில்லையே’ என்று பலர் கைவிடும் இடம் இதுதான். ஐந்து நிமிடம் பொறுங்கள். ஒரு வகுப்புக்கு இது போதும். அடுத்த ஆண்டு இரண்டு பிரிவுகளைச் சேர்த்தால் மறுபடி இதே கதை.

எல்லாத் தரவையும் ஒரே உரையாகக் கட்டும் ஜேசன் (JSON) வடிவில் அனுப்பினால் கட்ட எண்ணிக்கைப் பிரச்சினையே கிடையாது. அப்புறம் வரும் வேலைதான் அதிகம்: படிவத் தரவை பிஎச்பி வழக்கமாக நிரப்பித் தரும் $_POST-இல் எதுவும் இருக்காது, உள்ளீட்டை நாமே படித்துப் பிரிக்க வேண்டும், சரிபார்ப்பையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். அளவு வரம்பு அப்படியேதான் இருக்கும். என்ஜின்எக்ஸ் (nginx) வெப் சர்வரை மாற்றாமல் விட்டால் 1 எம்பிக்கு மேல் போனால் ‘அளவு அதிகம்’ என்று 413 பிழை சொல்லும். நோட் ஜேஎஸ்ஸில் (Node.js) பயன்படும் எக்ஸ்பிரஸின் ஜேசன் வரம்பு, மாற்றாமல் விட்டால் 100 கேபிதான்.

நான் கடைசியில் எடுத்தது துண்டு துண்டாக அனுப்பும் வழி. ஒரு மாணவர் வரிசையை முடித்ததும் அந்த 22 கட்டங்கள் மட்டும் போகும், வரிசை ஓரத்தில் டிக் விழும். நெட் அறுந்தாலும் ஒரு வரிசைதான் நஷ்டம். மூன்று மணி நேரம் தட்டச்சு செய்தவருக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி! ஒரே வரிசை இருமுறை வந்தால் புதிதாகச் சேர்க்காமல் பழையதை மாற்றும்படி எழுத வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எல்லா வரிகளும் ஒன்றாகவே பதிவாக வேண்டிய பில் போன்றவற்றுக்கு இது ஒத்துவராது, அங்கே ஜேசன்தான்.

எந்த வழியானாலும், படிவத்தின் முதல் கட்டமாக மொத்த எண்ணிக்கையை மறைத்து வையுங்கள். சர்வருக்கு வந்தது அதோடு ஒத்துப்போகாவிட்டால் பச்சை எழுத்து வரக் கூடாது.