ஏழு நாள் மாத்திரை டப்பா: எதை வாங்கலாம், எதை அதில் போடக்கூடாது

பிபிக்கு ஒன்று, சுகருக்கு இரண்டு, கொலஸ்ட்ராலுக்கு ஒன்று, காலையில் வெறும் வயிற்றில் தைராய்டுக்கு ஒன்று. இந்தக் கணக்கு வந்துவிட்டவர்களுக்கு வாராந்திர மாத்திரை டப்பா உண்மையிலேயே உதவும். 'காலையில் போட்டோமா, இல்லையா' என்று சந்தேகம் வந்தால் மூடியைத் திறந்து பார்த்தால் போதும். அந்த ஒரு பயனுக்காகவே வாங்கலாம். ஆனால் மெடிக்கல் ஷாப்பிலும் ஆன்லைனிலும் கிடைக்கும் டப்பாக்களில் பலவும் மாத்திரையை ஸ்ட்ரிப்பிலிருந்து உதிர்த்துக் கொட்டி வைப்பதற்கென்று செய்தவை. நம் ஊர் மருந்துச்சீட்டுக்கும் நம் ஊர் காற்றுக்கும் அது சரிப்படாது. வெட்டிய ஸ்ட்ரிப் துண்டோடு மாத்திரை உட்காரும் அளவுக்கு அறை பெரிதாக இருக்கும் டப்பாவைத்தான் வாங்க வேண்டும்.

காரணம் டெல்மிசார்டன். இங்கே பிபிக்கு மிகப் பரவலாக எழுதப்படும் மருந்துகளில் ஒன்று அது. 20, 40, 80 மில்லிகிராமில் தனியாகவும் வரும். பிபிக்கான மற்ற மருந்துகளான அம்லோடிபினோடும் ஹைட்ரோகுளோரோதயசைடோடும் சேர்ந்தும் வரும். டெல்மிசார்டன் தண்ணீரில் எளிதில் கரையாது. வயிற்றில் கரைய வேண்டும் என்பதற்காக மாத்திரையில் காரத்தன்மை (அல்கலி) உள்ள பொருள் சேர்க்கிறார்கள். அந்த மாத்திரை காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதனால்தான் அதைப் பெரும்பாலும் இரண்டு பக்கமும் கெட்டி அலுமினியம் போட்ட ஸ்ட்ரிப்பில் அடைக்கிறார்கள். விழுங்கப் போகும் நேரத்தில்தான் பிரிக்க வேண்டும் என்பது இந்த மருந்துக்கான அறிவுரை. ஞாயிற்றுக்கிழமை உதிர்த்துப் போட்ட மாத்திரை சனிக்கிழமை வரை பிளாஸ்டிக் டப்பாவுக்குள் கிடந்தால், அதுவும் ஐப்பசி கார்த்திகை மழையில் கடலோர ஊர்களில் கிடந்தால், அது மிருதுவாகி ஊதத் தொடங்கும். பிபி இறங்கவில்லையே என்று டோஸைக் கூட்டுவதற்கு முன் மாத்திரை எப்படி வைக்கப்படுகிறது என்று பார்ப்பது நல்லது.

டெல்மிசார்டன் மட்டும் இல்லை. இதயத்துக்குக் கொடுக்கும் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் ஈரம் பட்டால் உடைந்து அசெட்டிக் அமிலமாகவும் சாலிசிலிக் அமிலமாகவும் பிரியும். டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை வந்தால் அந்த மாத்திரைகளைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். வலிப்புக்கான சோடியம் வால்ப்ரோயேட் ஈரத்தை இழுப்பதில் இன்னும் மோசம். அம்லோடிபினுக்கு வெளிச்சம் ஆகாது. கண்ணாடி போன்ற மூடி போட்ட டப்பாவை ஜன்னல் ஓரம் வைத்தால் அதற்குக் கேடு.

இனி டப்பாக்கள். முதல் வகை, ஒற்றை வரிசையில் ஏழு அறை. விலை குறைவு, சட்டைப்பையில்கூட வைக்கலாம். நாளுக்கு ஒருவேளை மட்டும் மாத்திரை போடுபவருக்குப் போதும். ஆனால் அறைகள் சிறியவை. சுகருக்கான 1000 மில்லிகிராம் எஸ்ஆர் (மெதுவாக வெளியேறும் வகை) மெட்ஃபார்மின் மாத்திரை ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் நீளம். அதையும் இன்னும் இரண்டு மாத்திரையையும் போட்டால் மூடி சரியாக அமராது. ஸ்ட்ரிப் துண்டுக்கு இடமே இல்லை. காலை, இரவு இரண்டு வேளைக்காரர்கள் இதை வாங்கிவிட்டு இரண்டு வேளை மாத்திரையையும் ஒரே அறையில் போடுவதுதான் பெரிய தப்பு. கிளிமிபிரைடு போன்ற சுகர் மாத்திரை அப்படிக் கலந்து, சாப்பிடாத நேரத்தில் உள்ளே போனால் லோ சுகராகி மயக்கம் வரும்.

இரண்டாவது வகை, 28 அறை: ஏழு நாள், நாளுக்கு நான்கு வேளை. இதிலும் இரண்டு மாதிரி உண்டு. ஒரே பலகையாக வருவது வீட்டிலேயே இருப்பவர்களுக்குச் சரி. ஏழு தனித்தனிப் பட்டையாகக் கழற்றக்கூடியது வேலைக்குப் போகிறவர்களுக்கு மிக வசதி. அன்றைய பட்டையை மட்டும் பையில் போட்டுக்கொண்டு போகலாம். ஐம்பது வயதுக்காரர்களில் பெரும்பாலோருக்கு இதைத்தான் பரிந்துரைக்கலாம், ஓர் அறையின் உள்ளளவு குறைந்தது 3 சென்டிமீட்டர் நீளம், 2.5 அகலம், 2 ஆழம் இருந்தால். பெரும்பாலும் 500 ரூபாய்க்குள் கிடைத்துவிடும். ஆன்லைனில் வாங்கினால் படத்தை நம்பாதீர்கள். டப்பாவின் மொத்த நீளத்தை ஏழால் வகுத்துப் பாருங்கள். 15 சென்டிமீட்டர் டப்பாவில் ஓர் அறைக்கு 2 சென்டிமீட்டர்தான் வரும்.

மூன்றாவது, அலாரம் அடிக்கும் டப்பா. வீண் செலவு. பட்டன் பேட்டரி தீர்ந்தால் அலாரம் நின்றுவிடும், அது நின்றதும் உடனே தெரியாது. அந்த வேலையைப் போன் இன்னும் நன்றாகச் செய்யும். கண் பார்வை மிகக் குறைந்தவர்களுக்கு மட்டும் இதில் பயன் உண்டு.

பிளாஸ்டிக்கையும் பார்க்க வேண்டும். மூடியும் அடிப்பாகமும் ஒரே துண்டாக, நடுவில் மெல்லிய மடிப்போடு இருந்தால் அது பாலிப்ரோப்பிலீனாக இருக்க வேண்டும். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண் இருக்கும். அந்த மடிப்பு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடினாலும் தாங்கும். கண்ணாடிபோல் பளபளக்கும் பாலிஸ்டைரீன் (எண் 6) மடிப்பில் சீக்கிரம் விரியும், கீழே விழுந்தால் தெறிக்கும். மூடியின் ஓரத்தில் சிலிக்கோன் வளையம் இருந்தால் நல்லது. கடையிலேயே சோதிக்க ஒரு வழி: நான்கு மிளகை ஓர் அறையில் போட்டு மூடி, தலைகீழாகக் கவிழ்த்து உதறிப் பாருங்கள். மிளகு பக்கத்து அறைக்குப் போனால் மாத்திரையும் போகும். மூட்டுவலி உள்ள விரலுக்கு நகத்தால் நெம்பும் மூடி ஆகாது, அழுத்தினால் திறக்கும் பட்டன் மூடி வேண்டும். ஆனால் அந்தப் பட்டன் கைப்பையில் அமுங்கித் தானாகவே திறந்துகொள்ளும், பையில் போடும்போது ரப்பர் பேண்ட் போடுங்கள்.

மூடியில் S M T W T F S என்று ஒற்றை எழுத்து மட்டும் இருக்கும் டப்பாக்களில் இரண்டு S, இரண்டு T குழப்பும். ஸ்டிக்கர் ஒட்டித் தமிழில் எழுதிவிட்டால் தீர்ந்தது: ஞா, தி, செ, பு, வி, வெ, ச. ஏழும் வேறு வேறு. வேளைக்கு நிறம் வைத்துக்கொள்ளலாம்.

நிரப்புவதற்கு வாரத்தில் ஒரு நாளும் அரை மணி நேரமும் ஒதுக்க வேண்டும். முதலில் ஒரு தாளில் மருந்தின் மூலப் பெயர், மில்லிகிராம், எந்த வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று எழுதி டப்பாவின் அடியில் ஒட்டுங்கள். பிராண்ட் பெயரை மட்டும் எழுதக்கூடாது. ஒரு மாதம் கடையில் ஒரு பிராண்ட் இல்லையென்று அதே மருந்தை வேறு பெயரில் கொடுப்பார்கள். பழைய ஸ்ட்ரிப்பில் மிஞ்சியதும் புதியதும் சேர்ந்து அறைக்குள் போய், ஒரே மருந்து இரட்டை டோஸ் ஆகிவிடும். கூட்டு மாத்திரைகளில் இது அடிக்கடி நடக்கும். டெல்மிசார்டனும் அம்லோடிபினும் சேர்ந்த மாத்திரைக்கு மாற்றிய பிறகும் பழைய அம்லோடிபின் தனியாகத் தொடர்ந்தால் கால் வீங்கும், பிபி அளவுக்கு மீறி இறங்கும்.

நிரப்பும்போது ஒரு நாளை முடித்துவிட்டு அடுத்த நாளுக்குப் போகக்கூடாது. ஒரு மருந்தை எடுத்து ஏழு நாளுக்கும் போட்டு முடித்த பிறகுதான் அடுத்த ஸ்ட்ரிப்பைத் தொட வேண்டும். கடைசியில் எண்ணிக்கை: காலை அறையில் 4 என்றால் ஏழிலும் 4 இருக்க வேண்டும். வீட்டில் இன்னொருவர் ஒருமுறை எண்ணிப் பார்த்தால் இன்னும் நல்லது. நிரப்பி முடித்ததும் அடுத்த வாரத்துக்கான ஏழு மாத்திரை கையில் மிச்சம் இல்லாத மருந்தை அன்றே வாங்கிவிட வேண்டும். 15 உள்ள ஸ்ட்ரிப் இரண்டு வாரம் போக ஒன்று மிஞ்சும், 10 உள்ளது ஒரு வாரம் போக மூன்று மிஞ்சும். இந்த ஒட்டாத கணக்கால்தான் ஏதாவது ஒரு மருந்து எப்போதும் நடுவாரத்தில் தீர்ந்துபோகிறது.

ஸ்ட்ரிப்பை வெட்டும்போது காலாவதி தேதி அச்சான முனையைக் கடைசிவரை விட்டு, மறுமுனையிலிருந்து வெட்டுங்கள். கடையில் சில்லறையாக வாங்கும்போதும் தேதி உள்ள பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். வெட்டுகிற கோடு மாத்திரைக் குழிக்கு மிக அருகில் போனால் சீல் விட்டுவிடும், பிறகு துண்டோடு வைத்தும் பயன் இல்லை. சுற்றிலும் 3 மில்லிமீட்டராவது ஓரம் இருக்கட்டும். நான்கு மூலையையும் கத்தரியால் வளைவாக வெட்டிவிடுங்கள். இது அழகுக்காகச் சொல்வது இல்லை. தூக்கக் கலக்கத்தில் ஸ்ட்ரிப் துண்டோடு விழுங்கி, அதன் கூர்முனை உணவுக்குழாயைக் கிழித்து ஆபரேஷன் வரை போவது மருத்துவர்களுக்குத் தெரிந்த விபத்து. தண்ணீர் டம்ளரைக் கையில் எடுப்பதற்கு முன்பே எல்லா மாத்திரையையும் பிரித்துச் சின்னக் கிண்ணத்தில் போட்டுவிடும் பழக்கம் வேண்டும்.

கொலஸ்ட்ராலுக்கான அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின், சுகருக்கான மெட்ஃபார்மின் போன்றவை ஸ்ட்ரிப் இல்லாமல் ஒரு வாரம் இருந்தால் பெரிய சேதம் இல்லை. அசிடிட்டிக்கான பான்டோப்ரசோல் போல மேல்பூச்சு உள்ளவற்றையும், எஸ்ஆர், எக்ஸ்ஆர் என்று போட்டவற்றையும் இடம் பத்தவில்லை என்று உடைத்துப் போடக்கூடாது. மெதுவாக வெளியேற வேண்டிய மருந்து முழுக்க ஒரேயடியாக வெளியேறும்.

டப்பாவுக்குள் போகவே கூடாத சில உண்டு. தைராய்டுக்கான தைராக்சின் பெரும்பாலும் நிறமேற்றிய பாட்டிலில் வருகிறது. ஈரமும் வெளிச்சமும் அதற்கு ஆகாது, பாட்டிலிலேயே இருக்கட்டும். அதைச் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு வெறும் தண்ணீரில் போட வேண்டும், காபிக்கும் அதே இடைவெளி. கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளுக்கும் அதற்கும் நான்கு மணி நேரம் தள்ள வேண்டும். காலை அறையில் எல்லாவற்றோடும் சேர்த்துப் போட்டால் இந்த இடைவெளி அத்தனையும் போய்விடும். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் ஐசோசார்பைடு டைநைட்ரேட் எப்போதும் கூடவே இருக்க வேண்டியது. அது ஸ்ட்ரிப்போடு பர்ஸில். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் டாபிகாட்ரான் கேப்ஸ்யூலை அதன் சொந்த உறையிலிருந்து முன்கூட்டியே எடுக்கக்கூடாது.

மெத்தோட்ரெக்சேட்டைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். முடக்குவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் கொடுக்கும் இந்த மருந்து வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போட வேண்டியது. ஏழு அறையைப் பார்த்ததும் கை தானாக ஏழிலும் போடும். தினமும் போட்டால் எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உருவாக்குவது நிற்கும், வாய் முழுக்கப் புண்ணாகும், உயிரே போகும். டப்பாவில் வேண்டாம். தனி உறையில், மேலே கிழமையின் பெயரைப் பெரிதாக எழுதி, வீட்டில் இன்னொருவர் கையில் வாங்கிப் போடுங்கள். ஆஸ்டியோபோரோசிஸுக்கு (எலும்பு பலவீனமாகும் நோய்) வாரம் ஒருமுறை போடும் அலென்ட்ரோனேட், வாரம் ஒன்று என்று எழுதித் தரும் 60,000 யூனிட் வைட்டமின் டி இரண்டையும் அப்படியே தனியாக வையுங்கள்.

டப்பாவைத் தொடங்கும் முதல் வாரம் கவனம் தேவை. அதுவரை வாரத்தில் மூன்று நாள் மறந்துகொண்டிருந்தவருக்கு, பிபியும் சுகரும் இறங்கவில்லையே என்று டாக்டர் டோஸைக் கூட்டியிருப்பார். டப்பா வந்ததும் கூட்டிய டோஸ் முழுவதும் தவறாமல் உள்ளே போகும். படுக்கையிலிருந்து எழும்போது தலை சுற்றல், பதினோரு மணிக்குக் கை நடுக்கம், வியர்வை என்று வரலாம். தொடங்குவதற்கு முன் டாக்டரிடம் உண்மையாக எத்தனை நாள் விட்டுப்போனது என்று சொல்லிவிடுங்கள்; முதல் இரண்டு வாரம் பிபியையும் சுகரையும் வீட்டில் குறித்து வையுங்கள். ஒரு வேளை அறை காலியாகாமல் இருப்பதைப் பார்த்தால் அடுத்த வேளையில் இரண்டாகப் போடக்கூடாது.

வைக்கும் இடம்: அடுப்பு மேடை, பாத்ரூம், ஃபிரிட்ஜின் மேல், மூன்றும் வேண்டாம். ஃபிரிட்ஜின் மேற்பகுதி பல வீடுகளில் வெதுவெதுப்பாகவே இருக்கும். படுக்கையறை அலமாரியில், குழந்தைகள் கைக்கு எட்டாத தட்டில் வையுங்கள். இந்த டப்பாக்களின் மூடி குழந்தை திறக்க முடியாதபடி செய்யப்பட்டது இல்லை. கிளிமிபிரைடு ஒன்றே ஒன்று போதும் இரண்டு வயதுக் குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக. பேரப்பிள்ளைகள் வரும் வீட்டில் டப்பாவைப் பூட்டிய அலமாரிக்குள் வைப்பது கட்டாயம்.

மாதம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் கழுவி ஒரு முழு நாள் நிழலில் உலர்த்துங்கள். மடிப்பின் உள்பக்கம் தேங்கும் ஈரம்தான் மறுநாள் மாத்திரையைக் கெடுக்கும். இரண்டு டப்பா வைத்து மாறி மாறிப் பயன்படுத்தினால் அவசரமாக ஈரத்தோடு நிரப்ப வேண்டியிருக்காது. மடிப்பில் வெள்ளைக்கோடு விழுந்து, மூடும்போது 'டக்' சத்தம் வராமல் போனால் அந்த டப்பாவை மாற்றிவிடுங்கள்.