எஸ்.ஏ.எஃப்.பி.எஸ். பாதுகாப்புப் பதிவு: இலவசம்தான், வீட்டில் எல்லோரும் செய்துவிடுங்கள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் நம் ஆட்கள் பலருக்கு இப்படி ஒரு சேவை இருப்பதே தெரியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். சதர்ன் ஆப்பிரிக்கன் ஃப்ராட் ப்ரிவென்ஷன் சர்வீஸ், சுருக்கமாக எஸ்.ஏ.எஃப்.பி.எஸ்., லாப நோக்கமில்லாத அமைப்பு. அவர்கள் வலைத்தளத்தில் ‘ப்ரொடெக்டிவ் ரெஜிஸ்ட்ரேஷன்’ (பாதுகாப்புப் பதிவு) செய்துவிட்டால், உங்கள் ஐடி நம்பரில் (அரசு தரும் அடையாள எண்) யாராவது கடனுக்கு விண்ணப்பிக்கும்போது அங்கே உறுப்பினராக உள்ள வங்கிக்கும் கடைக்கும் எச்சரிக்கை தெரியும், வந்திருப்பது நிஜமாகவே நீங்கள்தானா என்று ஒன்றுக்கு இரண்டு முறை பார்ப்பார்கள். கட்டணம் கிடையாது. பதிந்து தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

எனக்குப் பயமெல்லாம் அந்த ஐடி நம்பரை நினைத்துத்தான். 13 இலக்கம், அதில் முதல் ஆறு பிறந்த வருடம், மாதம், தேதி. அடுத்த நான்கு ஆணா பெண்ணா என்று காட்டும், பெண் என்றால் 5000க்குக் கீழே. பெரியம்மாவுக்கு இன்று அறுபது வயது என்று ஃபேஸ்புக்கில் கேக் படம் போட்டாலே முதல் ஆறு இலக்கம் ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. பாஸ்வேர்டு போனால் மாற்றலாம், கார்டு போனால் புதுசு வாங்கலாம், இந்த நம்பரை அப்படி மாற்ற முடியாது. வேலைக்கு, வாடகை வீட்டுக்கு, போன் கான்ட்ராக்டுக்கு என்று எத்தனை இடத்தில் ஐடி நகல் கொடுத்திருக்கிறோம்! 2020இல் மக்களின் கடன் விவரங்களைச் சேர்த்து வைக்கும் எக்ஸ்பீரியன் நிறுவனத்தில், வாடிக்கையாளர் போல நடித்த ஒரு ஆளிடம் சுமார் 2.4 கோடி தென்னாப்பிரிக்கர்களின் விவரம் போய்ச் சேர்ந்தது. நம் விவரமும் வெளியே இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் இனி நடக்க வேண்டும்.

குறையும் உண்டு. உறுப்பினர் அல்லாத, கடன் கொடுக்கிறவர்களுக்கு இந்த எச்சரிக்கை போகாது. நீங்களே கடன் கேட்டுப் போனாலும் கூடுதலாகக் கேள்வி வரும், கொஞ்சம் தாமதமாகலாம், எனக்கு அது குறையாகவே படவில்லை. ஆனால் வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று போன் போட்டு ஓடிபி கேட்கிறவனை இது தடுக்காது, அதை நாம்தான் சொல்லாமல் இருக்க வேண்டும். போனில் திடீரென்று சிக்னல் போய் வெகுநேரம் வரவில்லையா, சிம் ஸ்வாப்பாக, அதாவது உங்கள் நம்பரை யாரோ தன் சிம்முக்கு மாற்றிக்கொண்டதாக இருக்கலாம், உடனே வேறு போனிலிருந்து வங்கிக்குச் சொல்லுங்கள்.

இதோடு வருடத்துக்கு ஒருமுறை கிரெடிட் ரிப்போர்ட்டையும், அதாவது உங்கள் பேரில் உள்ள கடன் கணக்குகளின் அறிக்கையையும், எடுத்துப் பாருங்கள். நேஷனல் கிரெடிட் சட்டப்படி அது இலவசம். நீங்கள் போகாத துணிக்கடையில் உங்கள் பேரில் அக்கவுன்ட் இருந்தால் அங்கேதான் தெரியவரும். தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு, டர்பனில் சாட்ஸ்வொர்த் பகுதியோ பீனிக்ஸ் பகுதியோ, பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து பதிந்து கொடுங்கள்.

ஏற்கெனவே உங்கள் பேரில் யாரோ கடன் வாங்கிவிட்டார்கள் என்றால் இந்தப் பதிவு போதாது. முதலில் போலீஸில் புகார் கொடுத்து கேஸ் நம்பர் வாங்குங்கள், அப்புறம் இதே எஸ்.ஏ.எஃப்.பி.எஸ். அமைப்பில் பாதிக்கப்பட்டவர்களுக்கென்று தனிப் பதிவு இருக்கிறது, அதைக் கேளுங்கள்.