30 மீட்டர் ஆழம், 45 நிமிடம், ஒரே சிலிண்டர்: கணக்கு உதைக்கிறது

"மூழ்கிய கப்பலைப் பார்க்கலாம், நீச்சல் தெரிய வேண்டாம், சான்றிதழ் வேண்டாம், 30 மீட்டர் ஆழம், 45 நிமிடம்." விழிஞ்ஞம், கோவளம் பக்கம் என்று சொல்லி வாட்சப்பில் சுற்றும் இந்த ஸ்கூபா முக்குளிப்பு விளம்பரத்தை நம்பி மார்த்தாண்டம் பகுதியிலிருந்து நான்கு பேர் போனார்கள். தலைக்கு 9,500 ரூபாய், முழுவதும் முன்பணம். காட்டியது 8 மீட்டரில் பாறையிடுக்கில் கிடந்த உடைந்த ஃபைபர் வள்ளம். தண்ணீருக்குள் இருந்தது 14 நிமிடம். கேட்டதற்கு, "கடல் கலங்கிக் கெடக்கு, கப்பல் இன்னும் தள்ளி" என்று பதில். பிறகு அனுப்பிய வீடியோவில் இருக்கும் கப்பல் எந்தக் கடலில் கிடக்கிறதோ தெரியாது; அதில் நீந்துகிறவர்களும் வேறு ஆட்கள்.

பணம் போனது ஒரு பக்கம். சொன்னபடியே கூட்டிப்போயிருந்தால் இதைவிட மோசமாகியிருக்கும். கரையிலேயே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்குதான்.

இங்கே வாடகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் 11.1 லிட்டர் அலுமினியச் சிலிண்டர். 200 பார் (பார் என்பது அழுத்த அளவு) நிரப்பினால் சுமார் 2,220 லிட்டர் காற்று. கடைசி 50 பாரைத் தொடக் கூடாது. அது ஆபத்துக்கான கையிருப்பு. மிச்சம் 1,665 லிட்டர். புதிதாக இறங்குகிறவர் பதற்றத்தில் நிமிடத்துக்கு 25 லிட்டர் இழுப்பார். 30 மீட்டரில் அழுத்தம் 4 மடங்கு, அதனால் செலவு 100 லிட்டர். ஆக மொத்தம் 16 நிமிடம். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல் ஏற வேண்டும், 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்க வேண்டும்; இறங்கும் நேரத்தையும் கழித்தால் கப்பல் பக்கத்தில் பத்து நிமிடம்கூடத் தேறாது. காற்று தீராவிட்டாலும், வழியில் நெடுநேரம் நிற்காமல் மேலே வர 30 மீட்டரில் பேடி (PADI, முக்குளிப்புப் பயிற்சி அமைப்பு) அட்டவணை தரும் வரம்பு 20 நிமிடம். 45 நிமிடம் இருந்துவிட்டு நேரே ஏறினால் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழாகி மூட்டுகளையும் தண்டுவடத்தையும் பிடிக்கும்.

சான்றிதழ் இல்லாதவரைப் பயிற்சியாளர் கூட்டிப்போகலாம்; ஆனால் 12 மீட்டர் வரைதான். ஓப்பன் வாட்டர் என்ற தொடக்கப் பயிற்சி முடித்தவருக்கு 18, அடுத்த நிலையான அட்வான்ஸ்டு முடித்தவருக்கு 30, ஆழப் பயிற்சியும் பெற்றவருக்கு 40. கப்பலுக்குள் நுழைவது தனிப் பயிற்சி. உள்ளே ஒரு துடுப்பு வீச்சில் வண்டல் கிளம்பினால் வந்த வழி தெரியாது. வெளியே அறுந்த வலையும் நைலான் நரம்பும் தொங்கும். வழிகாட்டி இடுப்பில் கத்தரியோ கத்தியோ இல்லையென்றால் இறங்காதீர்கள்.

இன்னொரு புரளி, 2025 மே 25-இல் மூழ்கிய எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பலைக் காட்டுகிறோம் என்பது. அது கொச்சிக்கு அப்பால் சுமார் 38 கடல் மைலில், 50 மீட்டரை ஒட்டிய ஆழத்தில் கிடக்கிறது. 640 கன்டெய்னரில் 13-இல் ஆபத்தான சரக்கு, 12-இல் கால்சியம் கார்பைடு. விழிஞ்ஞத்திலிருந்து காலையில் போய் மதியச் சோற்றுக்குத் திரும்புகிற தூரமா அது? பெயரைச் சொன்னவுடனே போனை வைத்துவிடலாம். (குமரி கோவளம், கேரளக் கோவளம், சென்னைக் கோவளம் மூன்றையும் குழப்பிக்கொண்டு பணம் கட்டுகிறவர்களும் உண்டு. இறங்குதுறையின் பெயரை எழுத்தில் கேளுங்கள்.)

இனி சிலிண்டர். நால்வரில் ஒருவர் ஏறும்போது கேஜை (அழுத்தம் காட்டும் மானி) பார்த்திருக்கிறார்: 60 பார். 8 மீட்டரில் 14 நிமிடத்துக்கு 55, 60 பார் செலவாகும். அப்படியென்றால் இறங்கும்போதே 120 தான் இருந்திருக்கிறது, முந்தைய குழு இழுத்த மிச்சம். படகிலேயே முள்ளைப் பார்த்து, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலில் கிடந்த சிலிண்டர் கூடுதலாகக் காட்டும். 20 டிகிரி சூடு இறங்கினால் 13 பார் போல முள்ளும் இறங்கும்.

பிறகு, கேஜைப் பார்த்தபடியே ரெகுலேட்டரில் (வாயில் வைத்து மூச்சிழுக்கும் கருவி) நாலைந்து மூச்சு இழுங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் முள் கீழே குதித்து மேலே வந்தால் வால்வு முழுதாகத் திறக்கவில்லை. மேலே இருக்கும்வரை மூச்சு சரியாகவே வரும், ஆழத்தில்தான் திணறும். உதிரி ரெகுலேட்டரிலும் இழுத்துப் பாருங்கள், அது உங்கள் துணைக்கு உயிர். வால்வை லேசாகத் திறந்து வெள்ளைத் துணியைப் பிடித்தால் எண்ணெய்க் கறை தெரியக் கூடாது. பெட்ரோல் கம்ப்ரசர் வைத்து நிரப்புகிற இடத்தில் உறிஞ்சுகுழாய் புகைபோக்கிக்குப் பக்கத்தில் இருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே போகும். அதற்கு வாசனை கிடையாது. ஆழத்தில் தெரியாமலிருந்து மேலே வரும்போது தலைவலியும் மயக்கமுமாக வெளிப்படும். சிலிண்டரின் தோளில் குத்தியிருக்கும் நீரழுத்தச் சோதனைத் தேதி 5 ஆண்டைத் தாண்டியிருந்தால் வேண்டாம்.

ஒப்புதல் தாளை மலையாளத்தில் நீட்டி, "சும்மா ஒரு ஒப்பு" என்றிருக்கிறார்கள். நம் பக்கத்து ஆட்கள் பாதிப் பேருக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க வராது. ஆஸ்துமா, வலிப்பு, சளியடைப்பு, அண்மை அறுவைசிகிச்சை பற்றிக் கேட்கும் தாள் அது. எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று முன்கூட்டியே டிக் போட்டிருந்தது. பயிற்சியாளர் என்று சொல்கிறவரின் எண்ணைக் கேட்டால் பேடி தளத்திலேயே சரிபார்க்கலாம். எண் தரத் தயங்கினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். படகில் ஆக்சிஜன் இருக்கிறதா, ஆபத்தென்றால் நைட்ரஜன் குமிழுக்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை எந்த ஊரில், அங்கே எப்படிக் கொண்டுபோவார்கள் என்பதையும் கேளுங்கள்.

அதே பேக்கேஜில் "மாலையில் பொன்முடி" என்றும் சேர்த்திருந்தார்கள். பொன்முடி ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரம். உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் அதே நைட்ரஜன் குமிழ்தான் ஆபத்து. ஒருமுறை இறங்கியவர் 12 மணி நேரம், பலமுறை இறங்கியவர் 18 மணி நேரம் விமானமும் ஏறக் கூடாது, மலையும் ஏறக் கூடாது.

பணத்தை விட்டுவிட வேண்டியதில்லை. ‘திருப்பித் தரப்படாது’ என்று அச்சடித்துவிட்டால் மட்டும் சொன்ன சேவையைத் தராதவர் தப்பிவிட முடியாது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழையுங்கள். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்; நடத்துகிறவர் எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் நாகர்கோவிலில் போதும், திருவனந்தபுரத்துக்கு அலைய வேண்டாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, 2 ஆண்டுக்குள் போட வேண்டும். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், யுபிஐ ரசீது, கேஜ் போட்டோ, அவர்கள் அனுப்பிய பொய் வீடியோ நான்கையும் அழிக்காமல் வைத்திருங்கள். பணம் வாங்கிவிட்டு ஆளே காணாமல் போயிருந்தால் அது வேறு குற்றம். தாமதிக்காமல் 1930 என்ற இணையவழி மோசடி உதவி எண்ணுக்கு அழையுங்கள்.