துண்டைக் கொடுத்ததும் கேள்விதான் முதலில் வரும்

டவுனுக்குள் இருக்கும் இந்தப் பார்மசிக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டவர்கள் சொல்லும் குறை இரண்டு. நிறைய நேரம் நிற்க வேண்டும், டொக்டர் மருந்து எழுதித் தந்த துண்டு இல்லாமல் அண்டிபயோட்டிக் தரமாட்டார்கள். இரண்டும் உண்மைதான். அந்த இரண்டுக்காகவே நான் 5 நட்சத்திரம் போடுகிறேன், ஏன் என்று கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

போன மாதம் அம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்று, காய்ச்சலும் குளிரும். வயது 68. டொக்டர் சிப்ரோஃப்ளொக்சசின் 500 மில்லிகிராம், காலை ஒன்று இரவு ஒன்று என்று 7 நாளுக்கு எழுதித் தந்தார். நான் துண்டை நீட்டிவிட்டு, வாங்கியதும் ஓடலாம் என்ற அவசரத்தில் நின்றேன். மருந்தாளர் அக்கா குளிசையை எடுக்கவே இல்லை. "யாருக்குத் தம்பி? என்ன வயது? முன்னம் எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனதா? வேறு என்னென்ன குளிசை போடுகிறா?" என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். எனக்குப் பாதி தெரியாது. அங்கேயே நின்று வீட்டுக்குப் போன் எடுத்து அம்மாவிடம் கேட்டேன். சீனி வருத்தத்துக்குக் கிளிக்லசைட், எலும்புக்குக் கல்சியம். கல்சியத்தை டொக்டரிடம் அம்மா சொல்லவே இல்லையாம், "அது வெறும் சத்துக் குளிசைதானே" என்று விட்டுவிட்டா.

அந்தச் சத்துக் குளிசையில்தான் சிக்கல் இருந்தது. சிப்ரோஃப்ளொக்சசினும் கல்சியமும் வயிற்றுக்குள் ஒன்றாகச் சேர்ந்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், மருந்தில் பெரும்பங்கு இரத்தத்துக்குப் போகாமல் அப்படியே வெளியேறிவிடும். இரும்புச் சத்துக் குளிசையும், நெஞ்செரிவுக்குக் குடிக்கும் அன்டாசிட்டும் அதே வேலையைச் செய்யும். வெறும் பாலோடும் தயிரோடும்கூட அதை விழுங்கக் கூடாது. எங்கள் வீட்டில் காலைக் குளிசை எல்லாம் பால் தேத்தண்ணியோடுதான் போகும்! கிண்ணியாத் தயிர் இல்லாமல் அம்மாவுக்குச் சாப்பாடும் இறங்காது. அக்கா சொல்லியிருக்காவிட்டால், ஒழுங்காக ஏழு நாளும் குளிசை போட்டும் ஏன் சுகம் வரவில்லை என்று திரும்பவும் டொக்டரிடம் போய் நின்றிருப்போம்.

அவர் நேரத்தை ஒரு கடதாசியில் எழுதியே தந்தார். காலை 7க்கும் இரவு 7க்கும் அண்டிபயோட்டிக், ஒரு பெரிய கிளாஸ் தண்ணீரோடு. கல்சியமும் தயிரும் பகல் 12க்கு. அந்த மருந்து போட்டு 2 மணித்தியாலமாவது போன பிறகுதான் கல்சியம், கல்சியம் போட்டால் 6 மணித்தியாலம் விட்டுத்தான் அடுத்த சிப்ரோ என்பது கணக்கு.

அப்புறம் கிளிக்லசைட். அதுவும் சிப்ரோவும் சேர்ந்தால் சீனி திடீரென்று இறங்கக்கூடும் என்று சொல்லி, எனக்கு முன்னாலேயே டொக்டருக்குப் போன் எடுத்தார். டொக்டர் மருந்தை மாற்றவில்லை, அந்த ஏழு நாளும் சீனியை அடிக்கடி குத்திப் பார்க்கச் சொன்னார். வியர்த்து, கை நடுங்கி, தலை சுற்றினால் உடனே சீனி கரைத்த தண்ணீர் கொடுத்துவிட்டு அவருக்கு அறிவிக்க வேண்டும். அக்கா இன்னொன்றும் சொன்னார், 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இந்த மருந்தால் குதிகாலுக்குப் பின்னால் உள்ள தசைநாரில் நோவோ வீக்கமோ வரலாம், வந்தால் "நடந்தால் சரியாகும்" என்று இழுக்காமல் மருந்தை நிறுத்தி டொக்டரிடம் காட்டச் சொன்னார். அம்மாவுக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது, ஏழு நாளையும் முடித்தோம்.

இதற்கு முன் நான் பட்டது வேறு கதை. இரண்டு வருடத்துக்கு முன் உப்புவெளிக் கடற்கரையில் சிப்பி வெட்டிக் காலில் சீழ் பிடித்தது. வேறொரு கடையில் குளோக்சசிலின் கப்சூலைச் சின்னக் கடதாசி உறையில் போட்டு, மேலே நான்கு வேளை என்று மட்டும் கிறுக்கித் தந்தார்கள். அதைச் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்னரோ, சாப்பிட்டு இரண்டு மணித்தியாலம் கழித்தோ வெறும் வயிற்றில் போட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நானோ சோற்றுக்கு மேல் போட்டேன். வீக்கம் வற்றியதும் மூன்றாம் நாள் நானாகவே நிறுத்தினேன், ஒரு கிழமைக்குள் காயம் பழையபடி பொங்கியது. மிஞ்சிய கப்சூலை லாச்சியில் வைத்து, அடுத்த தடுமனுக்கு இரண்டு போட்டேன். தடுமன் வைரஸால் வருவது, அதற்கு எந்த அண்டிபயோட்டிக்கும் வேலை செய்யாது என்பதை இந்த அக்கா சொல்லித்தான் முதன்முதலாக விளங்கிக்கொண்டேன். தேவையில்லாமல் போடும் ஒவ்வொரு கப்சூலாலும் மருந்துக்கு அடங்காத கிருமிகள்தான் மிஞ்சும். பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945இலேயே இதைச் சொல்லி எச்சரித்தார், நாம் இன்னும் லாச்சிக்குள் சேர்த்து வைக்கிறோம்.

வரிசையில் நின்றபோது ஒருவர் பல்வலிக்கு "ரெண்டு அமொக்சிசிலின் தாங்கோ" என்று கேட்டார். அக்கா தரவில்லை. கோபப்படாமல், பல்லைக் காட்டாமல் இதைப் போட்டால் வலி அடங்கினாலும் உள்ளே உள்ளது அப்படியே இருக்கும் ஐயா, பனடோல் தருகிறேன், ஆஸ்பத்திரிப் பல் கிளினிக்குக்குப் போங்கோ என்றார். அவருக்குக் கோபம் வந்தது, ஒற்றை நட்சத்திரம் ஒன்று அவருடையதாகவும் இருக்கலாம். ஆனால் சட்டமும் அதுதான், அண்டிபயோட்டிக் டொக்டரின் துண்டுக்குத்தான் கொடுக்க வேண்டும்.

என் கூடப்பிறந்த அக்காவின் மகனுக்குக் காதுவலிக்குக் கோ-அமொக்சிகிளாவ் பாணி வாங்கியபோதும் நான்தான் போனேன். போத்தலில் தூளாக வரும். ஆறிய கொதிநீரைக் கோட்டுக்கு விட்டு, குலுக்கி, நுரை அடங்கிய பிறகு திரும்பக் கோடு வரை நிரப்பி அங்கேயே கலந்து தந்தார்கள். ஃபிரிட்ஜில் உள்தட்டில் வைக்க வேண்டும், ஃபிரீசரில் வைக்கக் கூடாது, கலந்த நாளிலிருந்து 7 நாளுக்குப் பிறகு மிச்சம் இருந்தாலும் பாவிக்கக் கூடாது. அந்தத் தேதியைப் போத்தலில் பேனாவால் எழுதினார்கள். வீட்டுக் கரண்டிக்குக் கரண்டி அளவு வித்தியாசம் என்று அளவு சிரிஞ்சும் தந்தார்கள், காசு வாங்கவில்லை. சாப்பாடு தொடங்கும்போது கொடுத்தால் வயிற்றுக்குச் சுகம் என்றார்கள்.

ஒரு வேளை மறந்துவிட்டால், நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளை கிட்ட வந்துவிட்டால் விட்டதை விட்டுவிட வேண்டும், இரண்டை ஒன்றாகப் போடக் கூடாது. தடிப்பு வந்தால் அடுத்த வேளை போடாமல் டொக்டரைக் கேட்க வேண்டும். முகமோ உதடோ வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ யோசித்துக்கொண்டு நிற்காமல் 1990 அம்புலன்சுக்கு அடிக்க வேண்டும். வயிற்றோட்டம் கடுமையாகி இரத்தமும் கண்டால், நிறுத்தும் குளிசையைக் கடையில் வாங்கிப் போடாமல் டொக்டரிடம் போக வேண்டும். இவற்றையும் வாயால் சொல்லியே அனுப்பினார்கள்.

குறை இல்லாமல் இல்லை. இருக்க ஒரு வாங்கு கூட இல்லை, வயதானவர்கள் வெயிலில் நிற்கிறார்கள், அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். மாலையில் அரை மணித்தியாலம் போய்விடும், காலையில் திறந்ததும் போனால் பத்து நிமிடம். போகும்போது துண்டோடு, வீட்டில் போடும் எல்லாக் குளிசைகளையும், சத்துக் குளிசை உட்பட, ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். அக்கா அதைத்தான் முதலில் கேட்பார்.