மியூஸ்ஸ்கோரும் எங்கள் 'மாழை'யும்

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு சபையின் கொயரில் டெனர், அதாவது ஆண்களில் மேல் குரல், பாடுகிறேன். மொத்தம் 22 பேர். தமிழ் டீச்சர், மெக்கானிக், ரிட்டயர் ஆன அண்ணாச்சி என்று எல்லாரும் வேலை முடித்துவிட்டு வந்து பாடுகிறவர்கள். வருஷா வருஷம் அதே பாட்டா என்று சலித்துப்போய், இந்தமுறை பிரதிஷ்டைப் பண்டிகைக்கு ஆளுக்கு 500 ரூபாய் போட்டு, இசை படித்த ஒரு தம்பியிடம் நாலு குரலுக்குப் புதுப் பாட்டு எழுதி வாங்கினோம். அவன் அனுப்பியது மியூஸ்ஸ்கோர் என்ற, இசைக்குறிப்பு எழுதுகிற மென்பொருளின் ஃபைல். அப்படித்தான் இந்த மென்பொருள் என் லேப்டாப்புக்கு வந்தது.

காசு கிடையாது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதே பெயரில் ஒரு இணையதளமும் போன் ஆப்பும் இருக்கின்றன, அவைதான் சந்தா கேட்கும்; நோட்டேஷன் எழுதுகிற இது வேறு. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். 2022 டிசம்பரில் வந்த 4ஆம் பதிப்பு முதல், தனியாக இறக்கிக்கொள்கிற இலவச ஒலிகளில் கொயர் குரலும் உண்டு. கேட்க அவ்வளவு நன்றாக இருக்கிறது.

எங்களைக் காப்பாற்றியது, ஒவ்வொரு குரலின் சத்தத்தையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸர். ஐந்து கோட்டில் எழுதுகிற ஸ்டாஃப் நோட்டேஷன் படிக்கத் தெரிந்தவர்கள் எங்களில் ஐந்தாறு பேர்தான், பெரியவர்களுக்கு டோ-ரே-மி எழுத்தில் எழுதுகிற சோல்ஃபா, மற்றவர்களுக்குக் காது. டெனரை ஏற்றி, மற்ற மூன்றையும் தாழ்த்தி, எம்பி3 ஆக எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டேன்; மற்ற குரல்களுக்கும் அப்படியே. மெக்கானிக் அண்ணன் ஒர்க்‌ஷாப்பில் அதையே ஓடவிட்டு மறுவாரம் பிசகாமல் பாடினார்! தமிழ் வரியும் சுலபம்தான்: நோட்டைத் தொட்டு கன்ட்ரோலும் எல்லும் அழுத்தி டைப் செய்ய வேண்டும், ஹைஃபன் தட்டினால் சொல் பிரிந்து அடுத்த நோட்டுக்குப் போய்விடும்.

ஆனால் அந்தக் கொயர் குரல் வார்த்தைகளைப் பாடாது, வெறும் உயிரோசைதான். லேப்டாப்பில் கேட்டபோது எல்லாம் தேன். முதல் பிராக்டீஸில்தான் தெரிந்தது, 'மழையே' என்ற சொல்லில் 'ம' மூன்று தட்டு நீளம். 22 பேரும் சேர்ந்து பாடினால் 'மாழையே'! "மாழைன்னா பொன்னுன்னு ஒரு அர்த்தம் இருக்கு, ஆனா நாம கேட்டது மழையாச்சே" என்றார் ஆல்டோ வரிசையிலிருந்து டீச்சர் அக்கா. குறில் நெடில் எல்லாம் மென்பொருளுக்குத் தெரியுமா என்ன, புதுப் பாட்டு என்றால் ஒருமுறை வாய்விட்டுப் பாடிப் பார்க்காமல் ஆடியோ அனுப்பாதீர்கள். தம்பி 'ம'வை அரைத் தட்டாகக் குறைத்து நீளத்தை 'ழை'க்குத் தள்ளினான், பத்து நிமிஷ வேலை. அப்புறம் நாலு ஆடியோவையும் திரும்ப எடுத்து அனுப்பினேன், ஃபைல் பெயரில் தேதி போடாமல்.

பண்டிகையன்று கீழ்க்குரலான பேஸ் வரிசையில் இரண்டு பேர் கம்பீரமாக 'மாழையே' என்றார்கள். பழைய ஆடியோவை வைத்தே மனப்பாடம் செய்திருக்கிறார்கள்.