மல்லிகைக்குக் குச்சியா, பதியமா? கடற்கரை மணலுக்கு ஏற்றது எது

இராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடம் பக்கத்து மணல் பாத்திகளில் வேர்விட்ட குண்டுமல்லி நாற்றுதான் மதுரை வட்டாரத் தோட்டங்களுக்கும் போகிறது. 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லிக்கு இந்தத் தீவு மணல் பிறந்த வீடு மாதிரி. அந்த வியாபாரம் குச்சியை, அதாவது வெட்டி ஊன்றும் கிளைத்துண்டை, நம்பி நடக்கிறது. கொல்லையில் நாலு செடி வைத்திருப்பவர்களோ பதியத்தை, அதாவது கிளையை வெட்டாமலே வளைத்து மண்ணில் புதைத்து வேர்விட வைப்பதை, விடமாட்டார்கள். எத்தனை செடி வேண்டும், கிணற்றுத் தண்ணீர் எப்படி என்ற இரண்டையும் பார்த்தால் எது யாருக்கு என்பது தெரிந்துவிடும்.

முதலில் கணக்கு. 1.25 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்குச் சுமார் 2,590 செடி. ஒரு தாய்ச்செடியில் பத்துக் கிளையை வளைத்துப் புதைத்தாலும் 259 தாய்ச்செடிகள் மூன்று, நான்கு மாதம் பூக் குறைந்து கிடக்க வேண்டும். குச்சியை 5 செ.மீ.க்கு ஒன்றாக ஊன்றினால் சதுர மீட்டருக்கு 400. அதில் பாதி பட்டுப்போனாலும் 13 சதுர மீட்டர் பாத்தி போதும். ஏக்கர் கணக்கில் நடுகிறவருக்குப் பேச்சே இல்லை, குச்சிதான்.

நவம்பர் கடைசியில் கவாத்து செய்யும்போது விழும் கிளைகளே குச்சிக்கு ஆகும். மழை மணலிலுள்ள உப்பைக் கழுவி இறக்கியிருக்கும் நேரம் அது. பென்சிலைவிட மெலிந்த, பாதி முற்றிய தண்டில் 15 செ.மீ. நீளம், மூன்று நான்கு கணு இருக்க வேண்டும். அடியைக் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாகவும், நுனியை நேராகவும் வெட்டினால் தலைகீழாக ஊன்றும் தவறு வராது. மேலே இரண்டு இலையைப் பாதியாக நறுக்கி விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிடலாம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம் இண்டோல் பியூட்ரிக் அமிலம் என்ற வேர் ஊக்கி (முதலில் கொஞ்சம் எரிசாராயத்தில் கரைத்தால்தான் கரையும்) கலந்து, அடிப்பகுதியைச் சில விநாடி முக்கி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்ற வேண்டும்.

பலரும் ஏமாறுவது தளிரைப் பார்த்துத்தான். தண்டில் சேர்ந்திருக்கும் உணவிலேயே முதல் தளிர் வரும், வேர் இருக்காது. மூன்றாவது வாரம் வெயிலைக் கூட்டியதும் தொய்ந்துவிடும். மெதுவாக இழுத்துப் பார்த்து, பிடிப்பு இருந்தால் மட்டும் நிழலைக் குறைக்கலாம். அடி கறுத்து வழவழத்தால் தண்ணீர் கூடிப்போனது என்று அர்த்தம். இலை விளிம்பு கருகினால் தண்ணீரில் உப்பு. தீவில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய அடுக்காகத்தான் மிதக்கிறது. மோட்டார் வைத்து உறிஞ்சினால் கீழிருக்கும் உப்பு மேலேறும். கரிக்கும் தண்ணீரை வைத்துக்கொண்டு குச்சிப் பாத்தி போடுவது வீண்வேலை.

பதியம் கைகொடுப்பது அங்கேதான். வேர் வரும்வரை தாய் ஊட்டுவதால் கொஞ்சம் கரிக்கும் தண்ணீரையும் அது தாங்கும். ஒரு வயதுக் கிளையில் கணுவுக்குக் கீழே 3 செ.மீ. நாக்கு போலச் சீவி, ஒட்டிக்கொள்ளாமல் ஒரு சிம்பு செருகி, 10 முதல் 15 செ.மீ. ஆழத்தில் புதைத்து, மேலே கல் வைக்க வேண்டும். ஆழம் குறைந்தால் கெட்டது: ஈரம் ஆவியாகும்போது உப்பு மேல்மண்ணில்தான் சேரும். பனையோலை மூடாக்கு போட்டால் நல்லது. மூன்று, நான்கு மாதம் கழித்துத் தாயிடமிருந்து பாதி அறுத்து, இரண்டு வாரம் விட்டு மீதியை அறுக்கலாம். ஒரேயடியாக அறுத்தால் வாடும்.

பதியத்துக்கு ஒரு பெரிய குறை உண்டு. மணல் நிலம் வேர்முடிச்சு நூற்புழுவுக்குப் பிடித்த இடம். தாய்ச்செடியின் மண்ணிலேயே வேர்விடும் பதியம் அந்தப் புழுவைச் சுமந்துகொண்டே வரும். புது மணலில் வைத்த குச்சிக்கு அந்தப் பயமில்லை. பூவுக்குப் பதில் பச்சை இலைக்கொத்து வரும் நோய் மட்டும் இரண்டு வழியிலும் தொற்றும். அப்படிப்பட்ட செடியில் கத்தியே வைக்கக் கூடாது.

மற்ற மரங்களுக்கு இவ்வளவு யோசனை வேண்டாம். மரமுருங்கைக்குப் போத்து, அதாவது தடித்த கிளைத்துண்டுதான்: ஒரு மீட்டருக்குக் குறையாமல் வெட்டி, வெட்டுவாய் காய இரண்டு நாள் நிழலில் போட்டு, நுனியில் சாணம் அப்பி நட வேண்டும். அடைமழையில் நட்டால் அழுகும். கொய்யா, மாதுளைக்கு விண்பதியம், அதாவது கிளையை மண்ணில் புதைக்காமல் மரத்திலேயே வேர்விட வைப்பது: 2.5 செ.மீ. அகலப் பட்டையை வளையமாக உரித்து, உள்ளே வழவழப்பு போகச் சுரண்டினால்தான் பட்டை மறுபடி கூடாது. உரித்த இடத்தைச் சுற்றிக் கட்டும் தென்னைநார்த் தூளை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசிக்கொள்ள வேண்டும். உவர்நீரில் ஊறவைத்த மட்டையின் தூளில் உப்பு நிற்கும். கச்சான் என்ற மேல்காற்று வீசும் மாதத்தில் பாலித்தீன் கட்டு தளர்ந்தால் ஒரே வாரத்தில் காய்ந்துவிடும். பனைக்கு இதெல்லாம் எதுவும் பலிக்காது. ஒற்றைக் குருத்து மரம், பனங்கொட்டைதான் வழி.